‘அது அவங்க ரத்தத்துலயே இருக்கு’: சமோவா கணவரின் நுரையீரல் நோயும் மகனின் சளி இருமலும்

கேள்வி: நான் மதுரைக்காரி. ஆக்லாந்தில் 9 வருடமாக இருக்கிறேன். கணவர் சமோவாக்காரர், சவாயி தீவில் பிறந்து 12 வயதில் இங்கே வந்தவர். இப்போது 39. அவருக்கு ‘பிராங்கியெக்டாசிஸ்’ (மூச்சுக்குழாய் விரிந்துபோகும் நோய்) இருப்பது ஐந்து வருடம் முன்பு சி.டி. ஸ்கேனில் தெரிந்தது. அவருடைய அக்காவுக்கும் அதே நோய். எங்கள் மகனுக்கு 6 வயது ஆகப்போகிறது. போன குளிர்காலத்தில் தொடங்கிய சளி இருமல் விட்டபாடில்லை. ஆஸ்துமா என்று பஃப் கொடுத்தார்கள், குறையவில்லை. ‘பாலினேசியர்களுக்கு (சமோவா போன்ற பசிபிக் தீவுக்காரர்களுக்கு) இது ஜீன்லயே இருக்கு, ஒண்ணும் பண்ண முடியாது’ என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. ஊரில் என் அம்மாவோ, நம் குடும்பத்தில் மாமன் மகளைக் கட்டியவர்கள் அதிகம், அதனால் வந்த குறையோ என்று அழுகிறார். மகனுக்கு ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா?
– வாசகி, ஆக்லாந்து

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள்: சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களின் பிள்ளைக்குத்தான் அந்த உறவு கணக்கில் வரும். உங்கள் மகனின் அப்பா அம்மா உங்கள் கணவரும் நீங்களும்தான். உங்களுக்குள் ரத்த உறவு இல்லை. உங்கள் பாட்டி தாத்தா மாமன் மகள், அத்தை மகன் என்பதால் உங்கள் மகனுக்கு இந்த நோய் வந்துவிடாது. அவர் நிம்மதியாக இருக்கட்டும்.

அடுத்து, தெரிந்தவர் சொன்ன ‘ஜீன்லயே இருக்கு’. அதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. ஆனால் உங்கள் மகனைப் பொறுத்தவரை அந்தத் துளி மிகச் சிறியது. ஏன் என்று விளக்குகிறேன். விளங்கினால்தான் எந்தப் பரிசோதனையை யாருக்கு எடுப்பது என்பது தெளிவாகும்.

மூச்சுக்குழாயின் உட்சுவரில் ஒவ்வொரு செல்லின் மேலும் சுமார் 200 நுண்மயிர்கள் இருக்கின்றன. இவற்றுக்கு சிலியா என்று பெயர். நொடிக்கு 10 முதல் 15 தடவை, காற்றில் நெல் வயல் சாய்வதுபோல ஒரே பக்கமாக அடித்து, தூசியும் கிருமியும் ஒட்டிய சளியைத் தொண்டைக்குத் தள்ளிவிடும். அந்த மயிர் ஒன்றைக் குறுக்கே வெட்டி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், ஓரத்தில் வட்டமாக 9 ஜோடிக் குழல்கள், நடுவில் 2 குழல்கள். ஓரக் குழல்களில் கொக்கிபோல நீட்டிக்கொண்டிருப்பவை டைனீன் கைகள். மயிரை அசைக்கும் மோட்டார் அவைதான். இந்தக் கைகள் பிறவியிலேயே இல்லாமலோ வேலை செய்யாமலோ போனால் சளி நகராது. தேங்கிய சளியில் கிருமி வளரும், கிருமியோடு போராடிப் போராடிக் குழாய்ச் சுவர் தளர்ந்து நிரந்தரமாக விரிந்துவிடும். அந்த விரிவுக்குத்தான் பிராங்கியெக்டாசிஸ் என்று பெயர். அது ஒரு முடிவு நிலை. அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் வழிகள் பல. பிறவி சிலியா கோளாறு அதில் ஒரு வழி மட்டுமே.

‘பாலினேசியர் பிராங்கியெக்டாசிஸ்’ என்ற பேச்சு வந்த கதை இது. 1970-களின் இறுதியிலும் 1980-களின் தொடக்கத்திலும் நியூசிலாந்து ஆய்வாளர்கள் இந்த நோயுள்ள பாலினேசியர் சிலரின் சிலியாவை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். டைனீன் கைகளில் குறை தெரிந்தது. இது பரம்பரைக் கோளாறாக இருக்கலாம் என்று எழுதினார்கள். கேள்வி நியாயமானது. பாலினேசியத் தீவுகளில் குடியேறியவர்கள் சிறு சிறு கூட்டமாகப் படகில் வந்தவர்கள்: சமோவாவுக்குச் சுமார் 2,800 ஆண்டுகளுக்கு முன், நியூசிலாந்துக்கு 13-ஆம் நூற்றாண்டு வாக்கில். படகில் வந்த ஒருவரிடம் ஓர் அபூர்வ மரபணு மாற்றம் இருந்தால், அவருடைய வழித்தோன்றல்களே தீவை நிரப்பும்போது அந்த மாற்றம் பரவலாகிவிடும். 2016-இல் சமோவா மக்களிடம் கண்டறிந்த, உடல் எடையோடு தொடர்புள்ள ‘க்ரெப்-ஆர்எஃப்’ மரபணு மாற்றம் இதற்கு நல்ல உதாரணம். அங்கே அந்த மரபணுவின் பிரதிகளில் சுமார் நான்கில் ஒன்று அந்த வகை. பாலினேசியாவுக்கு வெளியே அது அநேகமாகக் கிடையாது.

ஆனால் நுண்ணோக்கியில் ஒரு பொறி இருக்கிறது. வைரஸ் தொற்று, நாள்பட்ட சீழ், சிகரெட் புகை, இந்த மூன்றுமே நல்ல சிலியாவையும் சிதைக்கும். மயிர்கள் உதிரும், ஒன்றோடொன்று ஒட்டும், டைனீன் கைகள் குறைந்தது போலத் தோன்றும். நோயால் சிலியா கெட்டதா, சிலியா கெட்டிருந்ததால் நோய் வந்ததா என்று ஒரே படத்தை வைத்துச் சொல்ல முடியாது. அதனால்தான் இன்று சளிபிடித்து 4 முதல் 6 வாரம் ஆகும்வரை மூக்கிலிருந்து மாதிரி எடுப்பதில்லை. சந்தேகம் தீராவிட்டால் செல்களை ஆய்வகத்தில் புதிதாக வளர்த்து, புதிதாக முளைத்த சிலியாவைப் பார்க்கிறார்கள். பிறவிக் கோளாறு என்றால் அதிலும் தெரியும். தொற்றால் வந்த கேடு என்றால் புதுச் சிலியா நன்றாக அடிக்கும்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். நியூசிலாந்து முழுவதுக்குமாக எடுத்து 2005-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 15 வயதுக்குட்பட்டவர்களில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு 3.7 பேருக்குப் புதிதாக இந்த நோய் தெரியவந்தது. ஐரோப்பிய வழிக் குழந்தைகளில் 1.5, நியூசிலாந்துப் பூர்வகுடிகளான மாவோரிக் குழந்தைகளில் 4.8, பசிபிக் தீவுக் குழந்தைகளில் 17.8. மாவோரிகளும் சமோவாக்காரர்களும் ஒரே மூதாதையர் வழி வந்தவர்கள். பொதுவான ஒரு மரபணுதான் காரணம் என்றால் 4.8-க்கும் 17.8-க்கும் இத்தனை இடைவெளி எப்படி வரும்? சமோவா, டோங்கா போன்ற மேற்குத் தீவுகளில் மட்டும் பரவிய மாற்றம் ஒன்று இருக்கலாம் என்று வாதிடலாம். அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஈர வீடு, ஓர் அறையில் பலர் படுப்பது, குழந்தைப் பருவ நிமோனியா, அடினோவைரஸ், புகை, மருத்துவரிடம் தாமதமாகப் போவது எல்லாமே இதே வரிசையில்தான் ஏறி இறங்குகின்றன. காரணத்தை ரத்தத்தின் மேல் போட்டுவிட்டால் இவற்றைச் சரிசெய்யும் பொறுப்பு யாருக்கும் இல்லாமல் போய்விடும். அதுதான் எனக்கு வலிக்கிறது.

இப்போது உங்கள் மகனுக்கு வருவோம். பிறவி சிலியா கோளாறுக்கு 50-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் காரணமாகலாம். அநேகமாக எல்லாமே, பழுதான பிரதி அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு சேர்ந்தால்தான் நோயைத் தரும். ஒரு பிரதி மட்டும் இருந்தால் அவர் கடத்துபவர், நோயாளி அல்ல. உங்கள் கணவருக்கு இந்தக் கோளாறு உண்மையிலேயே இருந்தாலும், மகனுக்கு அவரிடமிருந்து ஒரு பழுதான பிரதி நிச்சயம் வந்திருக்கும், அவ்வளவுதான். மகனுக்கு நோய் வர, அதே மரபணுவில் நீங்களும் ஒரு பழுதைச் சுமக்க வேண்டும். தீவில் பரவிய மாற்றம் மதுரைப் பெண்ணிடம் இருக்க வாய்ப்பு இல்லை என்றே சொல்லலாம். அதே மரபணுவில் வேறொரு பழுது உங்களிடம் இருக்கலாம். ஒரு பேச்சுக்கு, அதற்கு 200-ல் ஒரு வாய்ப்பு என்று வைத்தாலும் மகனுக்கு ஆபத்து 400-ல் ஒன்று.

விதிவிலக்குகள் சில உண்டு. ஒரே பிரதி போதும் என்கிற மரபணு ஒன்று உண்டு, அபூர்வம். எக்ஸ் குரோமோசோமில் உள்ள சில மரபணுக்கள் உண்டு. ஆண் குழந்தைக்கு எக்ஸ் அம்மாவிடமிருந்து மட்டுமே வரும், ஆகவே அதற்கும் ‘பாலினேசிய ரத்தத்துக்கும்’ தொடர்பே இல்லை.

உங்கள் கணவரின் தலைமுறையில் கணக்கு வேறு. அவருடைய அப்பா அம்மா இருவரும் சமோவாக்காரர்கள். ஒரு மாற்றம் 100 பிரதிகளில் ஒன்றில் இருக்கும் ஊரில் 50 பேருக்கு ஒருவர் கடத்துபவர், 10,000 பேருக்கு ஒருவருக்கு நோய். அதே மாற்றம் 100-க்கு 5 ஆகிவிட்டால் 10 பேருக்கு ஒருவர் கடத்துபவர், 400 பேருக்கு ஒருவருக்கு நோய். ஐந்து மடங்கு பரவினால் நோய் இருபத்தைந்து மடங்கு. இதனால்தான் தீவுகளில் இந்தக் கேள்வி முக்கியம். அக்கா, தம்பி இருவருக்கும் நோய், பெற்றோருக்கு இல்லை என்றால் அது இரட்டைப் பிரதி நோயின் சாயல்தான். ஒரே வீட்டில் வளர்ந்து ஒரே நிமோனியாவை வாங்கிய இருவரின் சாயலும் அதுவேதான்.

ஆகவே ஜீன் டெஸ்ட் மகனிடமிருந்து தொடங்கக் கூடாது. கணவரிடமிருந்து தொடங்க வேண்டும். அதற்கும் முன்னால் செலவில்லாத ஒரு வேலை: மாமியாரிடம் பேசுங்கள். ‘இருமல் எப்போதிலிருந்து?’ என்று பொதுவாகக் கேட்டால் ‘சின்ன வயசுலருந்து’ என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: மாதம் நிறைந்து பிறந்தாரா? பிறந்த முதல் நாளிலேயே மூச்சு வாங்கியதா? பால் குடிக்கும்போது மூக்கடைப்பால் விட்டு விட்டுக் குடித்தாரா? வெயில் காலத்திலும் ஒரு நாள்கூட மூக்கு காய்ந்ததில்லையா? காதில் சீழ் வடிந்ததா? அல்லது நன்றாக இருந்த பிள்ளைக்கு தட்டம்மை, கக்குவான், நிமோனியா என்று ஒன்று வந்து அதற்குப் பிறகு இருமல் நிற்கவே இல்லையா? மாதம் நிறைந்து பிறந்தும் முதல் நாளில் மூச்சுத் திணறல், பிறந்ததிலிருந்தே வருடம் முழுக்க ஈர இருமல், வற்றாத மூக்கொழுகல், இவை சேர்ந்தால் சிலியாவைச் சந்தேகிக்க வேண்டும். ‘அதுவரை நல்லா இருந்தான், அந்த ஜுரத்துக்கு அப்புறம்தான்’ என்றால் தொற்றின் பக்கம் தராசு சாயும். இதே கேள்விகளை அக்காவைப் பற்றியும் கேளுங்கள்.

சி.டி. ஸ்கேன் அறிக்கையில் இரண்டு விஷயம் பாருங்கள். இதயமும் கல்லீரலும் இயல்பான பக்கத்தில் இருக்கின்றனவா? சிலியா கோளாறு உள்ளவர்களில் சுமார் பாதிப் பேருக்கு உள்ளுறுப்புகள் இடம் மாறியிருக்கும். இயல்பாக இருந்தால் கோளாறு இல்லை என்று அர்த்தமில்லை, மற்ற பாதி அதுதான். விரிவு எங்கே இருக்கிறது? நுரையீரலின் நடுமடலும் கீழ்மடல்களும் என்றால் சிலியாவுக்குப் பொருந்தும். மேல்மடல்கள் என்றால் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (சளி கெட்டியாகிவிடும் பரம்பரை நோய்), காசநோய் பக்கம் யோசிக்க வேண்டும். கணவருக்குக் குழந்தை பிறந்திருக்கிறதே, அப்படியானால் இந்த நோய் இல்லைதானே என்று சிலர் கேட்பார்கள். விந்தணுவின் வாலும் சிலியாவைப் போன்ற அமைப்புதான், ஆனால் சில மரபணுக்கள் விந்தணுவைத் தொடுவதில்லை. எனவே அப்பா ஆனதை வைத்து முடிவெடுக்க முடியாது.

பரிசோதனை வரிசையில் முதலில் மூக்கிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைடு அளவு. மூக்கில் மெல்லிய குழாய் வைத்து, ஒரு தடுப்புக்கு எதிராக வாயால் ஊதச் சொல்வார்கள். அப்போது அண்ணம் மூடிக்கொள்ளும், மூக்குக் காற்று மட்டும் கருவிக்குப் போகும். வலியில்லை. நிமிடத்துக்கு 77 நானோலிட்டருக்குக் கீழே என்றால் சந்தேகம் வலுக்கும். சளிபிடித்திருந்தாலும் இது குறையும், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸிலும் குறையும். ஆகவே நன்றாக இருக்கும் நாளில் ஒருமுறை, சில வாரம் கழித்து இன்னொருமுறை. பிறகு மூக்குச் செல்களைப் பிரஷ்ஷால் எடுத்து அதிவேக வீடியோவில் பார்ப்பது, எலக்ட்ரான் நுண்ணோக்கி, ரத்தத்தில் மரபணுத் தொகுப்புப் பரிசோதனை. நுண்ணோக்கிப் படம் மட்டும் நார்மல் என்று வந்தால் நம்பிவிடாதீர்கள். உறுதியான நோயாளிகளிலேயே பத்தில் மூவருக்குப் படம் நார்மலாகத்தான் இருக்கும்.

மரபணு அறிக்கையில் பாலினேசியக் குடும்பங்கள் தட்டுத்தடுமாறும் ஓர் இடம் இருக்கிறது: ‘முக்கியத்துவம் தெளிவில்லாத மாற்றம்’ என்ற வரி. ஒரு மாற்றம் கெட்டதா, அந்த ஊரில் சாதாரணமாக உள்ளதா என்று சொல்ல, ஆயிரக்கணக்கானவர்களின் தரவோடு ஒப்பிடுவார்கள். அந்தத் தரவுத்தளங்களில் ஐரோப்பியர் நிறைய, பாலினேசியர் மிகக் குறைவு. இதனால் இரண்டு தவறுகள் நடக்கும். சமோவாவில் பலரிடம் உள்ள தீங்கற்ற மாற்றம் ‘அபூர்வம்’ என்று சந்தேகப் பட்டியலில் ஏறும். உண்மையான குற்றவாளி ‘தெளிவில்லை’ என்று தப்பிக்கும். இதைத் தீர்க்கும் வழி குடும்பம்தான். கணவர், அவருடைய அக்கா, பெற்றோர் நால்வரின் ரத்தமும் இருந்தால், நோயுள்ள இருவரிடமும் இரண்டு பிரதிகள், பெற்றோரிடம் ஒவ்வொன்று என்ற அமைப்பு தெரிகிறதா என்று பார்க்கலாம். மரபணு ஆலோசகரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: மரபணுவின் ஒரு துண்டே காணாமல் போயிருந்தால் இந்தப் பரிசோதனை கண்டுபிடிக்குமா? இரண்டு வருடம் கழித்து இதே தரவை மறுபடி அலசித் தருவீர்களா?

இன்னொரு செய்தி, நுரையீரலோடு சுற்றுவழியில் தொடர்புள்ளது. வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரானுக்குக் கதவு போன்ற ஒரு மரபணு (ஐஎஃப்என்ஏஆர்-1) முற்றிலும் செயலிழக்கும் மாற்றம், சமோவா, டோங்கா பக்கம் 100-ல் ஒரு பிரதிக்கும் மேல் இருப்பதாக 2022-இல் வெளியானது. இரண்டு பிரதியும் அப்படி அமைந்த குழந்தைகளுக்கு வைரஸ் தொற்றும், தட்டம்மைத் தடுப்பூசி போன்ற, பலவீனமாக்கிய உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசியும் கடுமையாகலாம். மேலே சொன்ன அதே காரணத்தால் உங்கள் மகனுக்கு இந்தக் கவலை அநேகமாக வேண்டாம். ஆனால் கணவர் வீட்டில் தடுப்பூசி போட்ட ஓரிரு வாரத்தில் உயிருக்குப் போராடிய குழந்தை யாராவது இருந்திருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இதைக் காரணமாக வைத்து தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். தடுப்பூசி விகிதம் சரிந்திருந்த 2019-இல் சமோவாவில் தட்டம்மை பரவி 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் சிறு குழந்தைகள். தட்டம்மை நிமோனியாவில் பிழைத்த குழந்தையின் நுரையீரல் பிராங்கியெக்டாசிஸுக்குப் போகும் வழியும் அதுதான்.

மகனுக்கு இன்று செய்ய வேண்டியது வேறு. ஜீன் முடிவு வரும்வரை காத்திருக்கவே கூடாது. நான்கு வாரத்துக்கு மேல் நீடிக்கும் ஈர இருமல் பெரும்பாலும் ஆஸ்துமா அல்ல. பஃப் கேட்காததில் ஆச்சரியமில்லை. காதை அவன் முதுகில் வைத்து இருமச் சொல்லுங்கள். கரகரவென்று சளி உருளும் ஒலி கேட்டால் அது ஈர இருமல். சின்னப் பிள்ளைகள் சளியைத் துப்பாமல் விழுங்கிவிடுவதால் கண்ணில் படாது. இதற்கு வழக்கம் அமாக்ஸிசிலின்–கிளாவுலனேட் என்ற ஆன்டிபயாடிக் இரண்டு வாரம் முழுசாக. ஐந்தாம் நாள் இருமல் குறைந்தது என்று நிறுத்தினால் திரும்ப வரும். இரண்டு வாரத்தில் சுத்தமாக நிற்காவிட்டால் மேலும் இரண்டு வாரம். நான்கு வாரமும் பலிக்காவிட்டால், அல்லது வருடத்துக்கு மூன்று தடவைக்கு மேல் திரும்பினால், குழந்தை நுரையீரல் நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அங்கே சளிக் கல்ச்சர், மார்பு எக்ஸ்ரே, ஸ்பைரோமெட்ரி (ஊதச் சொல்லி மூச்சின் அளவைப் பார்ப்பது), ரத்தத்தில் ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் என்ற நோய் எதிர்ப்புப் புரதங்களின் அளவுகள், தேவைப்பட்டால் சி.டி. பார்ப்பார்கள்.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸைக் கண்டுபிடிக்கும் வியர்வைப் பரிசோதனையை விடாதீர்கள். பிறந்தபோது குதிங்காலில் எடுத்த ரத்தத்தில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் பார்த்திருப்பார்கள் என்றாலும், அந்த மரபணுப் பட்டியல் ஐரோப்பியர்களிடம் காணும் மாற்றங்களை ஒட்டியது. நம் பக்கத்து மாற்றங்கள் அதில் நழுவலாம். வியர்வையில் குளோரைடு 30-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் இல்லை, 60-க்கு மேலே என்றால் நோய், நடுவில் என்றால் மேற்கொண்டு பார்க்க வேண்டும்.

ஸ்பைரோமெட்ரி தாளில் எந்த ஒப்பீட்டு அளவு போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். 2012-இன் சர்வதேச அட்டவணையில் பாலினேசியருக்குத் தனிப் பிரிவு இல்லை. ‘மற்றவர்’ என்று போட்டால் எதிர்பார்க்கும் அளவே குறைந்து, இழப்பு சின்னதாகத் தெரியும். இனம் பிரிக்காத புதிய அட்டவணை 2022-இல் வந்துவிட்டது. எதை எடுத்தாலும் ஒவ்வொரு முறையும் அதையே எடுக்கச் சொல்லுங்கள், கணவருக்கும் சேர்த்து.

சளியை வெளியேற்ற, வீட்டிலேயே குமிழ் ஊதும் பயிற்சி செய்யலாம். முதல் தடவை பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில். 2 லிட்டர் பால் பாட்டிலில் அடியிலிருந்து 10 செ.மீ. உயரம் தண்ணீர், சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், உள்விட்டம் 8 மி.மீ.க்குக் குறையாத பிளாஸ்டிக் டியூப். டியூப் அடிவரை போக வேண்டும். அதைவிடக் குறுகிய டியூப் என்றால் அழுத்தம் எகிறும், குழந்தை களைத்துவிடுவான். பாட்டில் வாயை டேப் போட்டு அடைக்காதீர்கள், காற்று வெளியேற வழி வேண்டும். மெதுவாக, நீளமாக 10 தடவை ஊதி, பிறகு கண்ணாடியில் ஆவி பிடிப்பதுபோல ‘ஹா’ என்று இரண்டு மூன்று தடவை, பிறகு ஒரு இருமல். இது ஒரு சுற்று. ஆறு சுற்று, காலை மாலை. உடம்புக்கு முடியாத நாளில் மூன்று நான்கு வேளை. உறிஞ்சக் கூடாது என்று முதலிலேயே சொல்லிப் பழக்குங்கள். ஒவ்வொரு முறையும் தண்ணீரைக் கொட்டி, கழுவி, தலைகீழாகக் காயவையுங்கள். ஈரமாக மூடிவைத்த டியூப்பில் வளரும் கிருமி நேரே நுரையீரலுக்குத்தான் போகும். இருமலை அடக்கும் சிரப் வேண்டாம். வெளியே வர வேண்டியதை உள்ளே பூட்டுவது அது.

அஸித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் பற்றி யாராவது சொல்வார்கள். ஆஸ்திரேலியப் பூர்வகுடி, மாவோரி, பசிபிக் தீவுக் குழந்தைகள் 89 பேரிடம் 24 மாதம்வரை, வாரம் ஒருமுறை, கிலோவுக்கு 30 மி.கி. கொடுத்துப் பார்த்த ஆய்வு 2013-இல் வந்தது. நோய் முற்றும் தடவைகள் பாதியாகக் குறைந்தன. மருந்துக்கு அடங்காத கிருமிகளும் கூடின. பிராங்கியெக்டாசிஸ் உறுதியாகி, அடிக்கடி முற்றும் குழந்தைக்கு நிபுணர் எடுக்க வேண்டிய முடிவு இது. உங்கள் மகனுக்கு இப்போது அல்ல. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்குக் கொடுக்கும், சளியை இளக்கும் மருந்தான டார்னேஸ் ஆல்ஃபாவையும் மற்ற வகை பிராங்கியெக்டாசிஸுக்குக் கேட்டு வாங்காதீர்கள், பெரியவர்களில் அது கெடுதல் செய்ததாகத் தெரிகிறது.

வீட்டில் புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டர் இருந்தால் நிறுத்துங்கள். நைட்ரஜன் டையாக்சைடோடு நிறைய நீராவியையும் அறைக்குள் கொட்டும். ஜன்னலில் வியர்க்கும் அந்தத் தண்ணீர்தான் சுவரில் பூஞ்சையாகும். மகன் படுக்கும் அறை 18 டிகிரிக்குக் கீழே போகாமல் பாருங்கள். புகைப்பவர்கள் வெளியே போய்ப் புகைத்து வந்தாலும் சட்டையிலும் தலைமுடியிலும் அது கூடவே வரும். விட உதவி கேட்கச் சொல்லுங்கள். ஃப்ளூ தடுப்பூசி ஆண்டுதோறும் அப்பாவுக்கும் பிள்ளைக்கும்.

மூச்சு வேகமாகி விலா எலும்பு உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மற்றபடி அடுத்த சந்திப்புக்குப் போகும்போது காலையில் எழுந்ததும் அவன் இருமுவதை ஒரு நிமிடம் செல்போனில் பதிவு செய்து கொண்டுபோங்கள். மருத்துவர் அறையில் பிள்ளைகள் இருமவே மாட்டார்கள்.